‘நீங்க பார்த்துப் போட்டுக் குடுங்க’

மலேசியாவின் கெடா மாநிலத்தில், எங்கள் பாடாங் செராய் பக்கத்துப் பிள்ளைகள் நேர்முகத் தேர்வில் மற்ற கேள்விக்கெல்லாம் நன்றாகவே பதில் சொல்வார்கள். மெஷினைப் பற்றிக் கேட்டால் சொல்வார்கள், நைட் ஷிப்ட் வருவாயா என்றால் வருவேன் என்பார்கள், பழைய வேலையை ஏன் விட்டாய் என்று குடைந்தாலும் எப்படியோ சமாளித்துவிடுவார்கள். சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறாய் என்று கேட்டதும்தான் குரல் இறங்கிவிடும். மலாய் அதிகாரி கேட்டால் ‘இக்கோட் கம்பெனி’, அதாவது கம்பெனி சொல்கிறபடி. தமிழர் கேட்டால் ‘நீங்க பார்த்துப் போட்டுக் குடுங்க சார்’.

கூலிமில் ஒரு தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஆள் எடுக்கும்போது எச்.ஆர். ஆள்களோடு என்னையும் உட்கார வைப்பார்கள், அதனால் இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுக் காது பழகிவிட்டது. இவர்களுக்குத் தன்னம்பிக்கை போதவில்லை என்று எச்.ஆரில் சொல்வார்கள். எனக்கு அது அரைகுறைப் பேச்சாகத்தான் படுகிறது.

எங்கள் அப்பா காலத்தில் ரப்பர் தோட்டத்தில் யாரும் தனியாகப் போய்ச் சம்பளம் பேசியதில்லை. 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஒரு பக்கம், தோட்ட முதலாளிகளின் சங்கமான மாப்பா இன்னொரு பக்கம், இரண்டும் உட்கார்ந்து ஒப்பந்தம் போடும். நாள் கூலி எவ்வளவு, ரப்பர் விலை ஏறினால் எவ்வளவு சேரும், கூடுதல் கிலோவுக்கு எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும், தோட்டத்துக் கணக்கர் கிராணி, செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் எழுதியதுதான் கணக்கு. அந்தச் சங்கத்தின் மேல் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு ஆயிரம் வருத்தம் உண்டு, அது வேறு கதை. ஆனால் கேட்கத் தெரியாத ஜனம் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கூட்டமாகக் கேட்டவர்கள், வேலைநிறுத்தம் செய்து கேட்டவர்கள் அவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளை இன்றைக்கு ஏர்கோன் அறையில், முன்னால் மூன்று பேர் உட்கார்ந்திருக்க, ஒற்றை ஆளாகத் தன் விலையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டில் அதைச் சொல்லிக்கொடுக்க யாருக்கும் தெரியாது. ‘அதிகமா கேட்டா வேணாம்னு அனுப்பிடுவான், வாய மூடிக்கிட்டு வா’ என்று அம்மாக்கள் சொல்லி அனுப்புவதும் இதனால்தான்.

போன வருடம் என் அக்கா மகன் கேட்டான், ‘மாமா, கவர்மெண்டே 1,700 வெள்ளின்னு சொல்லிட்டாங்களே, அதையே கேட்டுட்டு வந்துரட்டுமா?’ அடப்பாவி, 1,700 வெள்ளி (ரிங்கிட்) என்பது குறைந்தபட்சச் சம்பளம், நீ கேட்காவிட்டாலும் அவன் கொடுத்தாக வேண்டிய தொகை. 2025 பிப்ரவரியில் 1,500லிருந்து 1,700 ஆனது, ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கு மட்டும் ஆகஸ்டு வரை தவணை கொடுத்தார்கள். சட்டம் போட்ட தரையை நம் பிள்ளைகள் கூரை என்று நினைத்துக்கொள்கிறார்கள். டிப்ளமா வைத்திருக்கிறவனும் அதைத்தான் கேட்கிறான்.

மேசைக்கு இந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பயம் கொஞ்சம் குறையும். எச்.ஆர். கையில் அந்த வேலைக்கு இதிலிருந்து இது வரை என்று ஒரு வரம்பு முன்கூட்டியே இருக்கும், டெக்னீஷியனுக்கு 1,900 முதல் 2,400 என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘இக்கோட் கம்பெனி’ என்பவனுக்கு 1,900 எழுதுவார்கள், அதில் சூது ஒன்றும் இல்லை, அவன் கேட்டபடிதான் செய்கிறார்கள். 2,300 என்பவனிடம் ஏன் என்று ஒரு கேள்வி வரும். காரணம் சொன்னால் 2,200க்காவது வந்து நிற்கும். 3,000 என்றால் ‘எங்களால் முடியாது, இவ்வளவுதான் முடியும், யோசித்துச் சொல்லுங்கள்’ என்பார்கள். கேட்ட குற்றத்துக்காக எழுந்து போகச் சொன்னதை நான் உட்கார்ந்த எந்த நேர்முகத்திலும் பார்த்ததில்லை.

அப்புறம் இந்தப் பேசிக், அதாவது அடிப்படைச் சம்பள விவகாரம். ‘எல்லாம் சேர்த்து 2,200 வரும்’ என்று ஒரு கம்பெனி சொல்லும், அதில் பேசிக் 1,700, மீதி 500 அலவன்ஸ். இன்னொரு கம்பெனியும் அதே 2,200தான், ஆனால் பேசிக் 2,000. இரண்டும் ஒன்று என்று நினைத்துப் பஸ் வசதியைப் பார்த்து முதல் கம்பெனிக்குப் போனவர்கள் எங்கள் தாமானிலேயே (குடியிருப்பிலேயே) இருக்கிறார்கள். எங்கள் தொழிற்சாலையில் ஓ.டி.யை (கூடுதல் நேரச் சம்பளத்தை) பேசிக்கை வைத்துத்தான் போடுகிறார்கள். 26ஆல் வகுத்து, 8ஆல் வகுத்து, ஒன்றரை மடங்கு. 1,700க்கு ஒரு மணி நேரம் 12 வெள்ளி 26 காசு, 2,000க்கு 14 வெள்ளி 42 காசு. மாதம் 60 மணி நேரம் ஓ.டி. செய்கிறவனுக்கு இதில் மட்டும் ஏறக்குறைய 130 வெள்ளி வித்தியாசம். போனஸும் இன்கிரிமெண்டும் பெரும்பாலும் பேசிக்கின் மேல்தான். வருகை அலவன்ஸ் என்றால் ஒரு நாள் எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்தாலே அந்த மாதம் காணாமல் போய்விடும். ஓ.டி. பணத்துக்கு இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) கிடையாது என்பதும் பலருக்குத் தெரியாது, ஓ.டி.யையும் சேர்த்து 3,000 வாங்குகிறேன் என்று பெருமையாகச் சொல்பவர்கள் ஐம்பது வயதில் கணக்கு அறிக்கையை எடுத்துப் பார்த்து முழிப்பதற்கு அது ஒரு காரணம்.

பினாங்கு மோகத்தையும் சொல்ல வேண்டும். பாலத்தைத் தாண்டி, பினாங்குத் தீவில் தொழிற்சாலைகள் இருக்கும் பாயான் லெப்பாஸ் போனால் 300 அதிகம் என்பார்கள். 2019லிருந்து மோட்டார் சைக்கிளுக்கு டோல் இல்லை, சரி, பெட்ரோல்? மழை? பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில் பாலத்தில் ஓட்டுவது? அந்த 300ஐ இங்கேயே கேட்டுப் பார்த்தாயா என்றால், இல்லை என்பார்கள்.

அண்மையில் போலிடெக்னிக் முடித்த ஒரு பெண் வந்தாள். பாரத்தில் எதிர்பார்க்கும் சம்பளம் என்ற இடத்தில் 2,300 என்று எழுதியிருந்தாள். மேனேஜர் காரணம் கேட்டார். ஆறு மாதப் பயிற்சியில் இதே வகை மெஷினில் வேலை செய்ததாகச் சொன்னாள், பெயரும் மாடலும் சொன்னாள். அதோடு நிறுத்திவிட்டாள். நம் ஆள்கள் பொதுவாக இந்த இடத்தில் வீட்டுக் கஷ்டத்தை எடுப்பார்கள், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, தங்கை படிக்கிறாள் என்று. மனம் இளகும், ஆனால் எச்.ஆர். பாரத்தில் அதை எழுதக் கட்டம் கிடையாது. 2,150 தருகிறோம், மூன்று மாதம் கழித்து கன்பர்ம் ஆனதும் பார்க்கலாம் என்றார் மேனேஜர். ‘பார்க்கலாம்னா எவ்வளவு சார்? லெட்டர்ல போட முடியுமா?’ என்று கேட்டாள். அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை, எச்.ஆர். அம்மா என்னைப் பார்த்தார், நான் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். கடைசியில் கன்பர்ம் ஆனால் 2,300 என்று ஒரு வரி சேர்த்துத்தான் கடிதம் போனது. அதே வாரம், அதே வேலைக்கு, அதே டிப்ளமாவோடு வந்த இன்னொரு பையன் 1,900க்குக் கையெழுத்துப் போட்டிருந்தான். இருவரும் இப்போது என் லைனில்தான் இருக்கிறார்கள், இன்னும் ஒருவர் பே ஸ்லிப்பை ஒருவர் பார்க்கவில்லை.