17ஆவது டேக்

தேசிய அளவில் இளையோருக்கான பியானோ போட்டி ஒன்று வருகிறது, பெயர் கொடுக்கலாம் என்று மகளின் டீச்சர் சொன்னதும் வீட்டில் அதிகம் துள்ளியது நான்தான். எனக்கு சங்கீதம் தெரியாது. படிவம் நிரப்பத் தெரியும்.

விதிகள் மட்டுமே நான்கு பக்கம். முதல் சுற்றுக்கு வீடியோ அனுப்ப வேண்டும். இசையமைப்பாளர் பாக் எழுதியதில் முன்னோட்டம் போன்ற ஒரு பிரெலூடும் அதன் ஜோடி ஃப்யூகும், பல பகுதிகள் கொண்ட ஏதாவது ஒரு சொனாட்டாவின் முதல் பகுதி, ஷோபானின் எட்யூட், அதாவது விரல் பயிற்சிக்கான இசைத் துண்டு, ஒன்று. எல்லாவற்றையும் மனப்பாடமாக, இடையில் நிறுத்தாமல், ஒரே டேக்கில் வாசிக்க வேண்டும். வெட்டு, ஒட்டு கூடாது. முகம், கை, கட்டைகள் மூன்றும் கடைசி வரை தெரிய வேண்டும். 10 நிமிடத்தைத் தாண்டக் கூடாது.

வாசிக்கச் சொல்லி ஸ்டாப்வாட்ச் பிடித்தேன். 11 நிமிடம்.

“கொஞ்சம் வேகமா வாசிச்சுடேன்” என்றேன். பதிலே இல்லை. ஃப்யூகில் மூன்று குரல்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வரும் என்று முன்பொரு நாள் அவள் விளக்கியது நினைவுக்கு வந்தது. “அப்போ அந்த மூணுல ஒரு குரலை எடுத்துட்டா?”

“மூணும் ஒரே நேரத்துலதான்ப்பா ஓடுது. ஒண்ணை எடுத்தாலும் நேரம் அதேதான்.”

இதை உடனே டீச்சருக்குப் போன் போட்டுச் சொன்னாள். அந்தப் பக்கம் சிரிப்பு அடங்கிய பிறகுதான் வழி கிடைத்தது. அவள் எடுத்திருந்தது பேத்தோவனின் சொனாட்டா. அதன் முதல் பகுதியின் தொடக்கப் பாகத்தை மட்டும் திரும்ப ஒருமுறை வாசிக்கச் சொல்லி அவர் குறி போட்டிருக்கிறார். போட்டிகளில் அந்தத் திருப்பத்தை விட்டுவிடுவது சகஜமாம். 9 நிமிடத்துக்கு இறங்கியது. என் யோசனையைவிட இது எளிமைதான், ஒப்புக்கொள்கிறேன்.

எட்யூடுக்கு அவள் எடுத்தது ஷோபானின் ஓபஸ் 10 என்ற தொகுப்பில் ஐந்தாவது. வலது கை முழுக்கக் கறுப்புக் கட்டைகளிலேயே ஓடும், ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டையைத் தொட்டுவிட்டு வரும். மொத்தம் 88 கட்டைகளில் கறுப்பு 36தான். மீதி 52ஐப் பற்றி வலது கைக்குக் கவலையே இல்லை, பாதி வேலை மிச்சம் என்று கணக்குப் போட்டு அவளைத் தேற்றினேன். கறுப்புக் கட்டை ஒல்லி, கை வியர்த்தால் விரல் வழுக்கிவிடும் என்பது எனக்குத் தெரியாது. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது மின்விசிறி.

பதிவு நாளன்று முதல் வேலையாக மின்விசிறியை அணைத்தேன். மைக்கில் அதன் இரைச்சல் விழுமே! ஜன்னல்களையும் சாத்தினேன். முதல் டேக் முடிந்து பார்த்தால், செல்ஃபி கேமராவில் எடுத்திருக்கிறேன். கண்ணாடி பிம்பம். கனத்த ஒலிகள் எல்லாம் வலது பக்கத்திலிருந்து வந்தன. “அப்பா, நான் இடது கைக்காரி ஆயிட்டேன்.”

மூன்றாவது டேக்கில் போன் வந்து பதிவு நின்றது. ஏர்பிளேன் மோடு என்று ஒன்று இருப்பது அதன் பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஆறாவதில் எட்யூட் பாதியில் மெமரி நிறைந்துவிட்டது. என்ன நிறைத்து வைத்திருக்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை, நல்லவேளை. எட்டாவதிலிருந்து வியர்வை. பாக் பிரமாதமாகப் போகும், பேத்தோவன் தாண்டுவார், கறுப்புக் கட்டைக்கு வந்ததும் சர்ரென்று வழுக்கும். முகத்தில் ஒன்றும் காட்ட மாட்டாள். தோள் மட்டும் லேசாகத் தொங்கும். நான் கேமராவுக்குப் பின்னாலிருந்து “பரவாயில்லை, பரவாயில்லை” என்பேன். அதுவும் பதிவாகும்.

பதினோராவது சுத்தமாக வந்தது. போட்டுக் கேட்டால், அவள் மிக மென்மையாக வாசித்த இடமும் ஓங்கி அடித்த இடமும் ஒரே சத்தத்தில் கேட்டன. சின்ன ஒலியைத் தூக்கி, பெரிய ஒலியை அமுக்கி, எல்லாவற்றையும் சமமாக்குவது போனின் வழக்கமாம். பேசும்போது அது நல்ல குணம்தான். பியானோவுக்கு அதைவிடப் பெரிய துரோகம் கிடையாது. மைக் அளவைக் கையால் நிறுத்தி வைக்கிற ஒரு ஆப்பைத் தேடிப் போட்டோம். “போட்டோம்” என்றால் அவள் போட்டாள்.

அன்று நள்ளிரவோடு கெடு முடிகிறது. பதினாறு டேக் ஆகியிருந்தது. அவளால் கெட்டவை ஆறு, மற்றவை என் கணக்கில்.

“அப்பா, நீங்க வெளியே போங்க.”

போனேன். அடுத்த அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் உட்கார்ந்தேன். பாக் போனார். சொனாட்டாவில் எல்லாம் அடங்கி, ஒரு சின்ன மௌனம் வரும் இடம். எத்தனையோ முறை கேட்டதில் எனக்கே மனப்பாடமான இடம். அங்கேதான் தும்மல் வந்தது. மூக்கைப் பிடித்தேன், வாயைப் பொத்தினேன். விளைவு, தும்மலைவிட மோசமான ஒரு சத்தம்.

அவள் நிற்கவில்லை. கறுப்புக் கட்டையும் அன்று வழுக்கவில்லை. இன்னொன்று எடுக்க நேரமும் இல்லை. பதினேழாவது அப்படியே போனது.

மூன்று வாரம் கழித்துத் தேர்வானதாகத் தகவல் வந்தது. கூடவே நடுவர்களின் குறிப்பு. பாக் தெளிவு, எட்யூடில் இடது கையும் கொஞ்சம் பேசலாம், சொனாட்டாவின் நடுவே வெளியிலிருந்து சத்தம் கேட்டும் தாளம் பிசகவில்லை. கடைசி வரியை மட்டும் நான் வீட்டில் எல்லோருக்கும் இரண்டு முறை வாசித்துக் காட்டினேன்.

அடுத்த சுற்று அரங்கில், நேரில். கதவோரம் கடைசி வரிசையில் எனக்கு இடம் ஒதுக்கியது போட்டிக்காரர்கள் அல்ல, மகள். மேடையில் பெரிய கிராண்ட் பியானோ. எங்கள் வீட்டில் இருப்பது சுவரோரம் நிற்கும் அப்ரைட். சொனாட்டாவில் அதே அமைதியான இடத்துக்கு முன்னால் அவள் ஒரு கணம் திடுக்கிட்டது கடைசி வரிசை வரை தெரிந்தது. எனக்கு மூச்சே நின்றுவிட்டது. மூக்கு சுத்தம், தொண்டை சுத்தம், போன் அணைத்தாகிவிட்டது. பின்னே என்ன?

வெளியே வந்தவள் நேராக என்னிடம் வந்தாள். “கீபோர்டு நகர்ந்துச்சுப்பா.”

டீச்சர்தான் விளக்கினார். அப்ரைட்டில் சத்தத்தைக் குறைக்கும் இடது பெடலை மிதித்தால், உள்ளே சுத்தியல்கள் கம்பிகளுக்குக் கிட்டே வரும், அவ்வளவுதான். கிராண்டில் மிதித்தால் கட்டைகள் மொத்தமும் ஒரு நூல் வலது பக்கம் நகரும். அப்போது சுத்தியல், பெரும்பாலான சுரங்களுக்கு உள்ள மூன்று கம்பிகளில் ஒன்றைத் தவறவிட்டு அடிக்கும். வகுப்பில் சொன்னதுதான், கைக்குக் கீழே நடக்கும்போது தூக்கிவாரிப்போட்டிருக்கிறது.

பரிசு கிடைக்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அவள் அந்த நகரும் கீபோர்டைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். நானும் அக்கறையாகக் கேட்டுக்கொண்டேன். இந்த ஒன்றுக்காவது நான் காரணமில்லை.