லோட் ரன்னர் அட்டை முடிந்தது, ரெண்டாவது விடை இல்லாமல்

பழைய கம்ப்யூட்டர் ஆட்டங்களுக்கு நான் எழுதும் விடுகதை அட்டைகளில், லோட் ரன்னர் அட்டை ஒருவழியாக முடிந்தது. போன ஞாயிறு பாளையங்கோட்டையில் அத்தான் வீட்டு மாடியில் வாசித்தேன். மைனி மூன்றாவது வரியில் பிடித்துவிட்டார். அதைவிட முக்கியம், அத்தான் வாயைத் திறக்கவில்லை. அவர் சும்மா இருந்தால் அந்த விடுகதைக்கு ரெண்டாவது விடை இல்லை என்று பொருள். இதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதனால் கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன்.

எங்கள் விதிகள் உங்களுக்குத் தெரிந்தவைதான். ஆட்டத்தின் பெயர், ஆளின் பெயர், கம்பெனி எதுவும் விடுகதைக்குள் வரக்கூடாது. ஆட்டம் வந்த ஆண்டு மட்டும், கடைசித் துப்பாக, அட்டையின் பின்பக்கம் இருக்கும். நடை ஆச்சிமார் போடுகிற அழிப்பாங்கதை (விடுகதைதான்) நடை. எதுகை மோனை தன்னால் வந்தால் சரி, அதற்காக முறுக்கக்கூடாது.

சிலேடை பாடுகிற புலவருக்கு ஒரு பாட்டுக்கு ரெண்டு பொருள் வந்தால் பெருமை. நமக்கு அது தலைவலி. பழைய ஆட்டங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று பிறந்தவை என்பதால் ஓடுவது, தாவுவது, தோண்டுவது, சுடுவது எல்லாம் எல்லாவற்றிலும் இருக்கும். எனவே ஆட்டத்தில் என்ன இருக்கிறது என்று எழுதினால் போதாது, அதில் மட்டும் என்ன இருக்கிறது என்று தேட வேண்டும். லோட் ரன்னரில் நான் முதலில் எழுதியது இது:

குதிக்கத் தெரியாதவன் குழி தோண்டினான்,
துரத்தி வந்தவன் தொப்புனு விழுந்தான்.

ரெண்டே வரி. எனக்குப் பிடித்திருந்தது. அத்தான் உடனே, "இது ஆப்பிள் பேனிக்லா மாப்ள?" என்றார். அத்தான் எண்பதுகளில் மஸ்கட்டில் இருந்தவர். அங்கே ஒரு ஆப்பிள் டூ கம்ப்யூட்டரில் 1981-இல் வந்த ஆப்பிள் பேனிக்கை ஆடித் தீர்த்திருக்கிறார். மறுக்க முடியாது. 1980-இன் ஸ்பேஸ் பேனிக்கிலிருந்து வந்த வழி அது: ஏணி உண்டு, குழி உண்டு, குதிப்பது கிடையாது. லோட் ரன்னர் 1983-இல்தான் வருகிறது, டக்ளஸ் ஸ்மித் எழுதியது.

சரி, பொன்னைச் சேர்ப்போம் என்று 'பொன் பொறுக்கினான்' என ஒரு வரி போட்டேன். சித்தப்பா மகன், இது டிக்கர் ஆட்டம் என்றான். அதுவும் 1983, அதிலும் தோண்டல், அதிலும் தங்க மூட்டை. "டிக்கர்ல துரத்துறவன் எங்கடே குழியில விழுதான்?" என்று கேட்டேன். "மூட்டை தலையில விழுந்தா அவனும் தொப்புனு போறாம்லா" என்றான். இது வீம்பு வாதம். ஆனால் வீம்பு வாதத்துக்கு இடம் கொடுத்தாலே விடுகதை ஓட்டைதான். ஏணியைச் சேர்த்தால் டிக்கர் போய்விடும், ஆப்பிள் பேனிக் திரும்ப வந்துவிடும். ஒரு கதவை அடைத்தால் இன்னொரு கதவு திறந்தது.

கடைசியில் எழுதுவதை நிறுத்திவிட்டு, பழைய டாஸ் ஆட்டங்களை இன்றைய கம்ப்யூட்டரில் ஓட்டும் மென்பொருளான டாஸ்பாக்ஸில் ஆட்டத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஆடவில்லை, பார்த்தேன். ஆள் தன் காலுக்கு நேர் கீழே தோண்ட முடியாது. இடப்பக்கம் அல்லது வலப்பக்கம், ஒரு கட்டம் தள்ளிக் கீழேதான். ஸ்பேஸ் பேனிக் வகையில் குழியில் விழுந்தவனை நாம் அடித்துக் கீழே தள்ள வேண்டும். இங்கே அந்த வேலையே இல்லை. கொஞ்ச நேரத்தில் செங்கல் தானாக வந்து மூடிக்கொள்ளும். உள்ளே மாட்டியவன் செத்து, திரையின் மேலே மறுபடி பிறந்து வருவான். அந்தக் குழி நம்மையும் விடாது, நாம் மாட்டினாலும் கதை முடிந்தது. பிறகு, எல்லாப் பொன்னையும் எடுத்து முடித்த பிறகுதான் வெளியேறும் ஏணி தோன்றும். இவ்வளவையும் வேடிக்கை பார்க்காமல் நினைவிலிருந்து எழுத முடியாது. முடிந்த அட்டை இது:

குதிக்கத் தெரியாதவன் குழி தோண்டினான்,
காலுக்குக் கீழ தோண்டல, கைப்பக்கம் தோண்டினான்.
தோண்டின குழி தானே தூர்ந்தது,
தூர்ந்ததில் புதைஞ்சவன் உச்சியில் பிறந்தான்.
கடைசிப் பொன் எடுத்ததும் வானத்துக்கு ஏணி.

மூன்றாவது வரியின் கடைசிச் சொல்லில் நாலாவது வரி தொடங்குவது அந்தாதி மாதிரி தன்னால் அமைந்தது. அதற்கும் பாராட்டு வாங்கிக்கொண்டேன்.

டாஸ்பாக்ஸ் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் காலத்து ஆட்டங்கள் பலவும் 4.77 மெகாஹெர்ட்ஸில் ஓடிய ஐ.பி.எம். பி.சி.யை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. டாஸ்பாக்ஸில் வேகத்தை வைக்கும் சைக்கிள்ஸ் அளவை அப்படியே விட்டுவிட்டால் ஆள் எங்கே போனான் என்றே தெரியாது. நான் அதை ஏறக்குறைய 300-இல் வைத்துத் தொடங்கி, கன்ட்ரோலோடு எஃப்11, எஃப்12 தட்டிக் கூட்டிக் குறைத்துக்கொள்கிறேன். கைக்கு எது சரி என்று படுகிறதோ அதுதான் சரி. விடுகதையில் 'வேகமாக', 'மெதுவாக' என்று எழுதுமுன் இதைச் செய்துவிடுங்கள், இல்லையென்றால் உங்கள் லேப்டாப்பின் வேகத்துக்கு விடுகதை எழுதுவீர்கள்.

அட்டை எங்கே வாங்குகிறேன் என்று கேட்டிருந்தார்கள். டவுனில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகம் ஒன்றில் வெட்டி மிஞ்சும் துண்டுகள். வைகாசி, ஆவணி முகூர்த்த மாதங்களில் போனால் அள்ளிக்கொண்டு வரலாம், ஆடியில் போனால் ஒன்றும் இருக்காது. சிலதில் பிள்ளையார் பாதி வந்திருப்பார், பரவாயில்லை. உறைக்கு அஞ்சேகால் அங்குல ஃப்ளாப்பியின் காகித உறை. பழைய சாமான் கடையில் ஃப்ளாப்பியோடு சேர்த்து எடைக்குத்தான் தருகிறார், உறையை மட்டும் கொடுங்கள் என்றால் கேட்பதில்லை. ஃப்ளாப்பியெல்லாம் பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது, சாரல் காலத்தில் அந்தப் பெட்டியைத் திறக்கவே முடியவில்லை. யாரிடமாவது நல்ல உறைகள் சும்மா கிடந்தால் சொல்லுங்கள், கருப்பட்டி மிட்டாயோடு வந்து வாங்கிக்கொள்கிறேன்.

மற்ற அட்டைகள் இவ்வளவு படுத்தவில்லை. பெட்டிகளைத் தள்ளி இடம் சேர்க்கும் சோக்கோபான் ஒரே மூச்சில் வந்தது: 'தள்ளத் தெரிஞ்சவன், இழுக்கத் தெரியாதவன்.' அவ்வளவுதான். ஆட்டமே அந்த ஒரு குறைபாட்டில்தான் நிற்கிறது, வேறு எதைச் சொல்ல? பாராட்ரூப்பருக்கு எழுதியது இது:

நடுவுல நிக்கான், நகர மாட்டான்,
வானத்துல இருந்து விருந்தாளி வாரான்.
ஒரு பக்கம் மூணு பேர்னா உசுரு இருக்கு,
நாலாவது ஆள் வந்தா ஆளைக் காணோம்.

1982-இல் வந்த ஆட்டம், நடுவில் நிற்கும் பீரங்கியால் பாராசூட்டில் இறங்குகிறவர்களைச் சுட வேண்டும். அதில் சுடுகிற ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு புள்ளி குறையும். அதையும் ஒரு வரியாக்கலாம் என்று பார்த்தேன், 'நாலாவது ஆள்' வந்த பிறகு தேவையில்லை. மைனி அந்த வரி முடியுமுன் கையைத் தூக்கிவிட்டார். தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் சென்டரில் லோட்டஸ் என்ற கணக்குத்தாள் மென்பொருளைச் சொல்லிக்கொடுத்தவர். பிள்ளைகள் மத்தியானம் என்ன ஆடினார்கள் என்பது அவருக்கு மனப்பாடம்.

ஜோர்டான் மெக்னர் ஆட்டங்கள் ரெண்டும் விடுகதைக்கென்றே செய்தவை போல. 1984-இன் கராத்தேகாவில் கடைசியில் இளவரசியிடம் சண்டை போடும் நிலையிலேயே போனால் அவள் ஒரே உதையில் கொன்றுவிடுவாள்: 'மீட்க வந்தவன் முஷ்டி மடக்கி நின்னான், மணப்பொண்ணு காலால பதில் சொன்னா.' 1989-இன் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவுக்கு நிழல்தான். 'கண்ணாடிக்குள்ள பிறந்தவனை வெட்டினேன், எனக்கு ரத்தம் வந்தது. வாளை உறையில போட்டேன், ரெண்டு பேரும் ஒண்ணானோம்.' எதிரிக்கென்று புதிதாகப் படம் வரைய ஆப்பிள் டூவில் மெமரி இல்லாமல், நாயகன் படத்தையே சற்று மாற்றிப் பயன்படுத்தியதில் பிறந்தவன் அந்த நிழல். பஞ்சத்தில் பிறந்தவன், ஆனால் அந்த ஆட்டத்தில் எனக்கு மறக்காத ஆள் அவன்தான்.

ரெண்டாவது விடை தொல்லை நமக்கு மட்டுமல்ல. 1984-இல் சியரா வெளியிட்ட கிங்ஸ் குவெஸ்ட்டில் ஒரு குள்ளன் தன் பெயரைக் கண்டுபிடிக்கச் சொல்வான். துப்பு, பின்னாலிருந்து யோசிப்பது சில நேரம் புத்திசாலித்தனம் என்பது. பழைய தேவதைக் கதையில் வரும் குள்ளன் ரம்பிள்ஸ்டில்ட்ஸ்கின் என்று ஊகித்து, பெயரைக் கடைசி எழுத்திலிருந்து எழுதினால் தப்பு என்பான். ஆங்கில எழுத்து வரிசையையே தலைகீழாக்கி, முதல் எழுத்துக்குக் கடைசி எழுத்து என்று மாற்றி எழுத வேண்டுமாம்! 1990-இல் மறுபடி செய்து வெளியிட்டபோது பெயரைப் பின்னாலிருந்து எழுதினாலே போதும் என்று ஆக்கிவிட்டார்கள். அதைத்தான் நானும் சொல்கிறேன். ஆடுகிறவன் சொன்ன விடையும் பொருந்துகிறது என்றால் விடுகதையைத்தான் திருத்த வேண்டும்.

அந்த நியாயப்படி இப்போது என் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் அட்டை மாட்டிக்கொண்டு நிற்கிறது. 'ஆள் குறையக் குறைய வேகம் கூடும் படை எது?' என்று எழுதியிருந்தேன். 1978-இல் நிஷிகாடோ செய்தபோது, வரைய வேண்டிய உருவம் குறைந்ததும் மிஞ்சியவை தாமாகவே வேகமெடுத்தன, அதை அப்படியே விட்டுவிட்டார் என்பது அழகான விஷயம். அத்தானோ, "பாக்மேன்ல புள்ளி குறைஞ்சா சிவப்புப் பேய் வேகம் பிடிக்கும்லா" என்கிறார். உண்மைதான். படை என்று இருக்கிறதே என்றேன். "நாலு பேய் படை இல்லையா?" இதை இன்னும் முடிக்கவில்லை.

அதை விட்டுவிட்டு விண்டோஸ் வரிசைக்குத் தாவிவிட்டேன். சாலிடேரில் ஜெயித்ததும் சீட்டுகள் துள்ளி விழுவது, ஸ்கீஃப்ரீயில் பனி மனிதன் வந்து விழுங்குவது எல்லாம் ஒரே வரியில் உடைந்துவிடும். மைன்ஸ்வீப்பரில் தொல்லை நேர்மாறானது. ரெண்டாவது விடை கிடையாது, ஆனால் பக்கத்தில் எத்தனை கண்ணி என்று கட்டத்தில் காட்டும் எண்ணைப் பற்றி ஒரு சொல் சொன்னாலே எல்லோரும் பிடித்துவிடுகிறார்கள். இப்போதைக்கு எண்ணே இல்லாமல் இப்படி வைத்திருக்கிறேன்:

முதல் அடிக்கு மன்னிப்பு உண்டு, அடுத்த அடிக்கு இல்லை.
எதிரி அசைய மாட்டான், நான்தான் தேடிப் போறேன்.
அவனைப் பார்க்காம ஜெயிச்சா வெற்றி, பார்த்துட்டா தோல்வி.

விண்டோஸ் ஆட்டத்தில் முதல் கிளிக்கில் கண்ணி வெடிக்காது என்பதை நம்பித்தான் முதல் வரி நிற்கிறது. இதற்கு வேறு விடை யாருக்காவது தோன்றினால் அடுத்த ஞாயிற்றுக்குள் சொல்லிவிடுங்கள், அத்தானுக்கு முன்னால்.