ஒற்றைச் சிறகு

நேற்று ராத்திரி அக்கா மகளுக்கு ஆறு அன்னங்கள் கதை சொன்னேன், அவளுக்கு 10 வயசு. கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்ட தொகுப்பில் இருக்கும் ஜெர்மன் நாட்டார் கதை. மாற்றாந்தாய் மந்திரச் சட்டைகளை வீசி ஆறு அண்ணன்களையும் அன்னமாக்கிவிடுகிறாள். தங்கை ஆறு வருஷம் பேசாமல், சிரிக்காமல், நட்சத்திரப் பூக்களால் ஆறு சட்டை தைத்தால்தான் அவர்கள் மனுஷராக முடியும், கடைசியில் வீண்பழி போட்டு அவளை எரிக்கவே கூட்டிப்போகிறார்கள், அப்போதும் சட்டைகள் அவள் கையில்தான். ஆறாவது சட்டைக்கு மட்டும் இடது கை தைத்து முடியவில்லை. அதனால் கடைசி அண்ணனுக்கு அந்த இடத்தில் சிறகு அப்படியே நின்றுவிடுகிறது.

பிள்ளை போர்வைக்குள் தன் இடது கையைத் தடவிக்கொண்டே, "மாமா, அவன் எப்படிச் சைக்கிள் ஓட்டுவான்?" என்றாள்.

8 முதல் 12 வயசுப் பிள்ளைகளுக்கு உருமாற்றக் கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கடைசிப் பக்கத்தில் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிடாதீர்கள். அந்த வயசில் அவர்கள் உடம்பே மாறிக்கொண்டிருக்கிறது, போன வருஷத்துச் செருப்பு இந்த வருஷம் பத்துவதில்லை, அது திரும்பிப் போகாது என்று அவர்களுக்குத் தெரியும். அந்தச் சிறகைக் கொஞ்சம் விட்டுவையுங்கள்.

காலையில் பார்த்தால் நோட்டில் அவனை வரைந்து வைத்திருக்கிறாள். சிறகை விரித்து, ஒற்றைக் கையால் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கிறான்.