விராலடிப்பானும் ஓங்கிலும்

விலங்கியல் தாளில் 'ஒப்பிடுக' என்று வந்தால் பக்கத்தின் நடுவே கோடு கிழித்து, ஒரு பக்கம் 'பறக்கும்', மறுபக்கம் 'நீந்தும்' என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குத் தாவினோமே, நினைவிருக்கிறதா? அதில் வேறுபாடு இருந்தது, ஒப்பீடு இல்லை. ஒரே கேள்வியை இரண்டு உயிர்களிடமும் கேட்க வேண்டும். விராலடிப்பான் என்ற கழுகினப் பறவையும், டால்பின் என்று நாம் படித்த ஓங்கிலும் அதற்குப் பொருத்தமான சோடி. இரண்டுக்கும் இரை மீன்தான்.

மீனை எப்படிக் கண்டறிகின்றன? விராலடிப்பானுக்குக் கண். நீரில் ஒளி வளைவதால் மீன் உண்மையான ஆழத்தைவிட மேலே தெரியும். சாய்ந்து பார்க்கும்போது பிழை கூடும். அந்தரத்தில் சிறகடித்து நின்று குறிபார்த்து, கால்களை முன்னே நீட்டிப் பாயும். ஏறத்தாழ 1 மீட்டர் ஆழம்தான் எட்டும்.

ஓங்கிலுக்குச் செவி. உச்சந்தலை மூச்சுத்துளைக்குக் கீழே 'கிளிக்' ஒலி பிறக்கிறது. நெற்றிக் கொழுப்பு அதைக் குவித்து அனுப்புகிறது. எதிரொலி கீழ்த்தாடைக் கொழுப்பு வழியே காதை அடைகிறது. நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்லும். 15 மீட்டர் தள்ளியிருக்கும் மீனின் எதிரொலி நொடியில் 50-இல் ஒரு பங்குக்குள் வந்துவிடும். நெருங்க நெருங்கக் கிளிக்குகள் நெருக்கமாகி, கடைசியில் ஒரே ரீங்காரமாகும். என்னைக் கேட்டால் பாடம் முழுவதிலும் அழகான இடம் இதுதான்.

வழுக்கும் மீனை எப்படிப் பிடிக்கின்றன? விராலடிப்பானின் வெளிவிரல் பின்னே திரும்பும். முன்னால் 2, பின்னால் 2 விரல்களாக இறுக்கும். உள்ளங்காலில் முள் போன்ற செதில்கள் உண்டு. நீரிலிருந்து எழுந்து, பறந்தபடியே இறகை உதறி, மீனின் தலை முன்னோக்கி இருக்கும்படி திருப்பிக்கொள்ளும். காற்றின் தடை குறையும். ஓங்கிலின் கூம்புப் பற்கள் பிடிக்க மட்டுமே, மெல்ல அல்ல. அதுவும் மீனைத் தலைப்பக்கமாகவே விழுங்கும். அப்போதுதான் துடுப்பு முட்கள் மடங்கித் தொண்டையில் குத்தாது.

எங்கே தவறுகின்றன? கலங்கிய நீரிலும் அலை மிகுந்த நீரிலும் பறவைக்கு இரை தெரியாது. ஓங்கிலுக்குக் கலங்கல் பொருட்டில்லை. ஆனால் மெல்லிய நைலான் வலை எதிரொலியை மிகக் குறைவாகவே திருப்புகிறது. பறவை தவறினால் மறுபடி மேலேறிக் குறிபார்க்கும். வலையில் சிக்கிய ஓங்கில் மூச்சுக்கு மேலே வர முடியாமல் நீருக்குள்ளேயே திணறி இறந்துபோகிறது.