போன் போகாத இடத்துக்கு யார் நடப்பது?

மே மாதம் பிறந்தால் எனக்கு வேலை போன் அடிப்பதுதான். இடுக்கி மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு தாலுகா அலுவலகத்தில் பேரிடர் பிரிவு கிளார்க் நான். ஜூனில் பருவமழை இறங்குவதற்குள் அவசரத் தொடர்புப் பட்டியலைச் சரிபார்த்தாக வேண்டும். பஞ்சாயத்து மெம்பர், எஸ்டேட் சூப்பர்வைசர், ஜீப் டிரைவர், ஜேசிபி வைத்திருப்பவர் எல்லாரும் அதில் உண்டு. முதல் வருடம் பழைய பட்டியலில் தேதியை மட்டும் மாற்றி அனுப்பிவிட்டேன். யாரும் கேட்கவில்லை. அடுத்த வருடம் என்னவோ தோன்றி, ஒவ்வொரு எண்ணாக அடித்துப் பார்த்தேன். ஒருவர் ரிட்டயராகி சங்கரன்கோவிலுக்கே போயிருந்தார். இன்னொரு எண்ணை எடுத்த அம்மா, "அவரு தவறி ரெண்டு வருஷம் ஆச்சு சார்" என்றார். என்ன சொல்வதென்று தெரியாமல் வைத்துவிட்டேன்.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்தது. லயங்களில், அதாவது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், தூங்கிக்கொண்டிருந்தவர்களில் 70 பேர் போனார்கள். பலருக்குக் கயத்தாறுதான் பூர்வீகம். கரண்ட் இல்லை, போனும் இல்லை. வெளியே விஷயம் தெரிந்ததே மறுநாள் காலையில்தான். பேரிடர் உதவி எண் 1077-க்குக் கூப்பிடுங்கள் என்று போகிற இடமெல்லாம் சொல்லி வருகிறோம். டவர் செத்த ராத்திரியில் அது வெறும் நாலு இலக்கம்.

வானிலைத் துறையின் எச்சரிக்கை நிறக் கணக்கு வேறு. 24 மணி நேரத்தில் 115.6 மில்லிமீட்டருக்கு மேல் மழை என்றால் ஆரஞ்சு, 204.4-ஐத் தாண்டினால் சிவப்பு. லயத்துப் பிள்ளைகளுக்கு ஆரஞ்சு என்றால் ஒரே கேள்விதான்: "நாளைக்கு ஸ்கூல் லீவா?" பெரியவர்கள் மழையை இன்னும் இஞ்சில்தான் பேசுகிறார்கள். நாலரை இஞ்சு, எட்டு இஞ்சு என்று சொல்லிப் பார்த்தேன். "எட்டு இஞ்சா? அப்ப ஓடையோரம் படுக்கக் கூடாது" என்று ஒரு பழைய கங்காணி உடனே எழுந்து உட்கார்ந்தார்.

மொழியில் நான் வாங்கிய அடியையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மழைக்காலத்தில் பம்ப் ஹவுஸில் சேறு புகுந்து குழாய்த் தண்ணீர் நின்றுபோனது. ஜீப்பில் மைக் கட்டி, நான் எழுதிக் கொடுத்த மலையாள வாசகத்தை வாசிக்கச் சொன்னேன்: "நாளெ வெள்ளம் உண்டாவில்ல." மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். இங்கே பிறந்த தமிழர்களுக்கு அது தெரியும். மகள் பிரசவத்துக்காகத் தென்காசிப் பக்கமிருந்து வந்திருந்த ஒரு பாட்டிக்குத் தெரியாது. ஸ்கூலில் போட்டிருந்த முகாமிலிருந்து துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வழியில் பார்த்துக் கேட்டால், "நாளைக்கு வெள்ளம் வராதுன்னு மைக்குல சொன்னாகளே தம்பி" என்கிறார். அவர் திரும்பப் போக இருந்த லயம் ஆற்றுக்கு மேலே இருபதடியில் இருந்தது. அன்றிலிருந்து மைக் வாசகம் இரண்டு மொழியிலும் போகிறது, "வெள்ளம்" என்ற சொல் இரண்டிலும் கிடையாது. இப்போது லயங்களில் ஜார்க்கண்ட், அசாம் ஆட்களும் இருக்கிறார்கள். அவர்களில் தமிழ் பேசும் ஒரு பையனைப் பிடித்து இந்தியில் குரல் பதிவு செய்து வைத்திருக்கிறேன்.

வயர்லெஸ் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. நடுவில் ஒரு மலை நின்றால் கைசெட் ஊமை. எங்கள் பக்கத்து ஒரு லயத்தில் கீழே நின்றால் வெறும் இரைச்சல்தான். மேலே சிலுவை நிற்கும் குருசடி வரை ஏறினால் தெளிவாகக் கேட்கும். கொட்டுகிற மழையில், நடுராத்திரியில், அட்டைக்கடியோடு அங்கே யார் ஏறுவது?

அதற்காகத்தான் பட்டியலில் நானாக ஒரு கட்டம் சேர்த்தேன்: "போன் கிடைக்காவிட்டால் யார் நடப்பார்?" மேலதிகாரி பார்த்துச் சிரித்தார், அந்தக் கட்டத்தை அடித்து நீக்கவில்லை. அந்த லயத்துக்கு நேராகப் பலநாள் காலியாகவே இருந்தது. கடைசியில் டீக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒத்துக்கொண்டார். "நான் ஏறுறேன் சார். டார்ச்சுக்குப் பேட்டரிக் கட்டை மட்டும் வாங்கிக் குடுத்துருங்க."

கட்டை வாங்க எந்தக் கணக்கிலும் இடமில்லை. ஒவ்வொரு மே கடைசியிலும் நாலு கட்டை வாங்கிக்கொண்டு போய்க் கொடுக்கிறேன். போன வருடத்துக் கட்டையில் கடை ரேடியோ பாடிக்கொண்டிருக்கும்.