தூங்கப் போன கணினி எழவில்லை: சம்பா காப்பீட்டு நேரத்தில் ஒன்பது நாள் அலைச்சல்

நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் சிறிய கணினி மையம் வைத்திருக்கிறேன். ஆண்டு முழுவதும் பட்டா, சான்றிதழ், மின்கட்டணம் என்று ஓடும். நவம்பர் பிறந்துவிட்டால் சம்பா பயிர்க் காப்பீடு ஒன்றுதான் வேலை. கடைசி நாள் வழக்கமாக நவம்பர் 15ஆம் தேதி. 2018இல் கஜா புயல் கரையேறியது நவம்பர் 16 அதிகாலை. அதைப் பார்த்த எங்கள் ஊரில் காப்பீட்டைத் தள்ளிப்போட யாருக்கும் மனம் வராது. காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான் விவசாயி கட்டுவது. ஆனால் அடங்கல் (பயிர் விவரச் சான்று), சிட்டா, ஆதார், வங்கிப் புத்தகம் நான்கும் கையில் இருந்து, புல எண் ஒரு எழுத்துகூடப் பிசகாமல் ஏற வேண்டும். பிசகினால் பயிர் போன பிறகு அலைய வேண்டியது அவர்தான்.

நவம்பர் 3ஆம் தேதி 38 பேருடைய புல எண், பரப்பு, கணக்கு எண் எல்லாவற்றையும் எக்செல்லில் தட்டி முடித்திருந்தேன். மழை பிடித்துக்கொண்டது, மின்சாரம் போனது. யுபிஎஸ் பேட்டரி பத்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. அப்போதெல்லாம் கணினியை ஸ்லீப்பில் போட்டுவிடுவது என் பழக்கம். ராமுக்கு, அதாவது கணினியின் தற்காலிக நினைவகத்துக்கு மட்டும், கொஞ்சம் மின்சாரம் போனால் போதும், மற்றதெல்லாம் அணைந்திருக்கும், யுபிஎஸ் நெடுநேரம் நிற்கும். அன்றும் அப்படியே செய்தேன். ஒரு மணி நேரம் கழித்து மின்சாரம் வந்ததும் கீபோர்டைத் தட்டினேன். மின்விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, மானிட்டர் மட்டும் கறுப்பாகவே இருந்தது. பத்து நிமிடம் பார்த்துவிட்டுப் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன். மறுபடி போட்டால் புதிதாகப் பிறந்ததுபோல் வந்து நின்றது. 38 பேருடைய பட்டியல் இல்லை. சேமிக்காமல் விட்டது என் தவறு.

ஆனால் அதற்கு முன்பே இன்னொரு தவறு நடந்திருந்தது. மேசைக் கணினிகளில் ஹைப்ரிட் ஸ்லீப் என்று ஒரு வசதி உண்டு. தூங்கப் போகும் முன் ராமில் இருப்பதை ஹார்ட் டிஸ்கிலும் ஒரு படி எழுதி வைத்துவிடும். மின்சாரம் அறுந்தாலும், நாமே அணைத்தாலும், திறந்திருந்த கோப்பு பெரும்பாலும் திரும்ப வந்துவிடும். சில மாதங்களுக்கு முன் ஒரு வீடியோவைப் பார்த்து, டிஸ்கில் மூன்று ஜிபி இடம் கிடைக்கும் என்று ஹைபர்னேட்டை (ராமில் இருப்பதை டிஸ்கில் எழுதிவிட்டுக் கணினி முழுதாக அணையும் வசதி) நிறுத்தியிருந்தேன். அதை நிறுத்தினால் ஹைப்ரிட் ஸ்லீப்பும் போய்விடும் என்று அந்த வீடியோவில் சொல்லவில்லை. இடம் போதவில்லை என்றால் பழைய படங்களை அழியுங்கள், இதைத் தொடாதீர்கள்.

அடுத்த மூன்று நாள் எல்லோரும் சொல்லும் வைத்தியங்கள். கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தேன், டிவைஸ் மேனேஜரில் கீபோர்டுக்கு எழுப்பும் அனுமதி இருக்கிறதா என்று பார்த்தேன், மதர்போர்டில் உள்ள பொத்தான் பேட்டரியை மாற்றினேன், ராமைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்து மாட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை. உருப்படியாகத் தெரிந்துகொண்டவை இரண்டு. திரை கறுப்பாக நிற்கும்போது கேப்ஸ் லாக்கைத் தட்டிப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கணினி உயிரோடு இருக்கிறது, திரைதான் வரவில்லை என்று பொருள். விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்தினால் பல நேரம் படம் வந்துவிடும். எனக்கு விளக்கு அசையவே இல்லை. இரண்டாவது, தூக்கம் ஐந்து நிமிடம் என்றால் எழுந்துவிடும், அரைமணி தாண்டினால் எழாது. இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன்.

7ஆம் தேதி சிபியுவை மடியில் வைத்துக்கொண்டு தஞ்சாவூர் பஸ் ஏறினேன். சாலியமங்கலம் வரை நின்ற கூட்டம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் உள்ளே ஏதாவது கழன்றுவிடுமோ என்று பயம். கடையில் இருந்தவரிடம் என் தாளை நீட்டினேன். அவர் வாங்கிப் பார்க்கவில்லை. ரசீதில் "நோ டிஸ்ப்ளே" என்று இரண்டு சொல் எழுதி, "நாளைக்கு வாருங்கள்" என்றார். ஸ்லீப்பில் போட்டால்தான் இந்தக் கோளாறு தெரியும் என்று இரண்டு முறை சொன்னேன். "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்றார்.

உள்ளே பழுது பார்ப்பவர் கையில் கிடைத்தது அந்த ரசீது மட்டும்தான். மாட்டிப் பார்த்திருக்கிறார், படம் வந்திருக்கிறது. விண்டோஸில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் சி டிரைவை ஃபார்மட் செய்துவிட்டார். 600 ரூபாய். கோப்புகள் டி டிரைவில் இருந்ததால் பிழைத்தன. ஆனால் தமிழ் எழுத்துருக்கள், பிரிண்டர் டிரைவர், கைரேகைக் கருவிக்கான மென்பொருள் எல்லாம் போயிற்று. அவற்றைத் திரும்ப ஏற்ற 9ஆம் தேதி முழுவதும் ஆனது. வெளியே திண்ணையில் ஆறு பேர் அடங்கலை பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒரு பெரியவர் மூன்றாவது முறையாக வந்திருந்தார். "என்ன தம்பி, இன்றைக்காவது ஆகுமா?" என்று அவர் கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

10ஆம் தேதி மதியம் அதே கதை. 11ஆம் தேதி மழையில் மறுபடி தஞ்சாவூர். இந்த முறை சோதித்துப் பார்க்காமலேயே, மதர்போர்டு போய்விட்டது, 5,200 ரூபாய் ஆகும் என்றார்கள். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அனுபவம் என்றார்கள். பணம் கட்டாமல் தூக்கிக்கொண்டு வந்தேன். அன்று மறுத்ததுதான் இந்த ஒன்பது நாளில் நான் செய்த ஒரே சரியான காரியம்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் அண்ணன் கடை. மழைக்கு ஒதுங்கினேன். மடியில் இருந்ததைப் பார்த்து என்ன என்று கேட்டார். அந்தத் தாளைக் கொடுத்தேன். முழுவதும் படித்தார், இரண்டாம் முறையும் படித்தார். "எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது தம்பி. தூங்கும்போது இதற்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது, அதை மட்டும் சொல்" என்றார்.

ஒன்பது நாளாக யாரும் கேட்காத கேள்வி. கணினிக்குள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டிதான் எஸ்எம்பிஎஸ். அதிலிருந்து வரும் பெரிய 24 முனைச் செருகியில் ஊதா நிறக் கம்பி ஒன்று இருக்கிறது. மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சுக் கம்பிகள் கணினி ஓடும்போதுதான் உயிர் பெறும். ஊதா மட்டும் பிளக் சொருகியிருக்கும் நேரமெல்லாம் 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஸ்லீப்பில் ராமைக் காப்பாற்றுவது அந்த ஒரு கம்பிதான்.

மறுநாள் காலை மானிட்டரையும் எடுத்துக்கொண்டு போனேன். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, கணினியை ஸ்லீப்பில் போட்டு, செருகியின் பின்பக்கம் ஊதாக் கம்பி நுழையும் இடத்தில் மல்டிமீட்டரின் சிவப்பு ஊசியையும், கறுப்புக் கம்பியில் கறுப்பு ஊசியையும் சொருகினார். 4.93. அது சரியான அளவுதான், 4.75க்குக் கீழே போகக் கூடாது. நான் சோர்ந்துவிட்டேன். அவர் ஊசியை எடுக்கவில்லை. "அரைமணி ஆனால்தானே எழவில்லை என்று எழுதியிருக்கிறாய், அரைமணி இருப்போம்" என்று மீட்டரை ஒரு செம்புக் கம்பிச் சுருளின் மேல் சாய்த்து வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். பத்து நிமிடத்தில் 4.81. பிறகு 4.70. இருபத்தைந்தாவது நிமிடம் எண் நிலைகொள்ளாமல் 4.3க்கும் 4.4க்கும் நடுவில் ஆடியது. கீபோர்டைத் தட்டச் சொன்னார். மின்விசிறி சுற்றியது, திரை கறுப்பு.

எஸ்எம்பிஎஸ்ஸின் காற்றுத் துளை வழியாக டார்ச் அடித்துக் காட்டினார். சிறிய கண்டன்சர் ஒன்று தலை உப்பி, மேல் மூடி பிளந்து, பழுப்பாகக் கசிந்திருந்தது. தயவுசெய்து அந்தப் பெட்டியை நீங்களாகத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பெரிய கண்டன்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். தினமும் மின்சாரத்தோடு புழங்கும் அண்ணனே அதைத் திறக்கவில்லை.

மன்னார்குடியில் புது எஸ்எம்பிஎஸ் 1,450 ரூபாய். அன்று மாலையே மாட்டினோம். ஒரு மணி நேரம் தூங்க வைத்துக் கீபோர்டைத் தட்டினேன். இரண்டு நொடியில் திரை வந்தது. இரவு முழுவதும் தூங்க வைத்தேன், காலையில் எழுந்தது. முதல் வேலையாக ஹைபர்னேட்டைத் திரும்ப இயக்கினேன். அதை முன்பே செய்திருந்தால் இன்னொரு வழியிலும் உண்மை தெரிந்திருக்கும்: ஹைபர்னேட்டிலிருந்து ஒழுங்காக எழுந்து, ஸ்லீப்பிலிருந்து மட்டும் எழாத கணினி என்றால், மதர்போர்டு மாற்றக் காசு கொடுக்கும் முன் ராமையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைக்குக் கொண்டுபோனால் ரசீதில் "அரைமணி ஸ்லீப்புக்குப் பின் எழவில்லை" என்று உங்கள் கண் முன்னே எழுத வையுங்கள். கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள்.

38 பேரின் விவரத்தையும் 13ஆம் தேதி இரவு வரை உட்கார்ந்து மறுபடி தட்டினேன், பத்துப் பெயருக்கு ஒருமுறை சேமித்துக்கொண்டே. 14ஆம் தேதி பிற்பகலில் கடைசி ரசீது பிரிண்டரிலிருந்து வந்தது. அந்தப் பெரியவருடையது. புல எண்ணை விரலால் தொட்டுத் தொட்டு வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்து, நான்காக மடித்து, அடங்கல் இருந்த அதே பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக்கொண்டார்.