கார்டின் பின்பக்கத்தில் இல்லாத ஊர்

விளையாட்டு வீரர்களின் படம் போட்ட கார்டுகளைச் சேர்க்க ஆரம்பித்துப் பதினாலு மாசம் ஆகிவிட்டது, கணக்கு எழுதி வைத்தால்தான் எனக்கே புரியும். கையில் இருப்பது 41 கார்டு. செலவு அறுநூறு டாலருக்குக் கொஞ்சம் மேல், அதில் எண்பத்தைந்து சுத்தமான முட்டாள்தனம், அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் நான் ஏன் இதில் இறங்கினேன் என்று. அப்பா திருச்சி உறையூர். அம்மா பிலிப்பைன்ஸில் பம்பாங்கா மாகாணம், பகோலோர். இரண்டு பேரும் ரியாத்தில் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்கள். நான் பன்னிரண்டாவது வரை திருச்சியில் அப்பத்தா வீட்டில் வளர்ந்தேன், பஸ்ஸில் ஏறினால் "தம்பி மணிப்பூரா, நேபாளமா?" என்று கேட்பார்கள், உறையூர் என்றால் சிரிப்பார்கள். இப்போது சான் பிரான்சிஸ்கோவை ஒட்டிய டேலி சிட்டியில் இருக்கிறேன். இங்கே தெருவுக்குத் தெரு பிலிப்பினோக்கள், கடையில் என் முகத்தைப் பார்த்ததும் டகாலோகில் ஆரம்பித்துவிடுவார்கள், நான் திருதிருவென்று முழிப்பேன். ஆக இரண்டு பக்கமும் நான் பாதி ஆள்தான்.

ஆபீஸில் ஒருவர் கார்டு பாக்கெட் பிரித்துவிட்டு வேண்டாத கார்டுகளை மேஜையில் போட்டுவிட்டுப் போனார். அதில் கூடைப்பந்து வீரர் ஜோர்டன் கிளார்க்சன், யூட்டா ஜாஸ் அணி ஜெர்சியில். சும்மா ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இவன் நம்ம ஊர்ப் பையன்டா" என்றாள். நம்ம ஊர் என்றால் பிலிப்பைன்ஸ் என்று நினைத்தேன். இல்லை, பகோலோரேதான். கிளார்க்சனின் அம்மாவுடைய அம்மா பகோலோர்க்காரர், துல்யாவ் குடும்பம். கார்டைத் திருப்பிப் பார்த்தேன். உயரம், எடை, மிசௌரி கல்லூரி, புள்ளிகள். பகோலோரும் இல்லை, பிலிப்பைன்ஸும் இல்லை. ஆள் பிறந்தது ஃபுளோரிடாவின் டாம்பாவில், வளர்ந்தது சான் அன்டோனியோவில், அவர்களைப் பொறுத்தவரை கதை அங்கேயே முடிகிறது.

அந்தப் பகோலோரே பாதி மண்ணுக்குள் இருக்கிற ஊர். 1991 ஜூனில் பினாடுபோ எரிமலை வெடித்தது, அதன் சாம்பலும் மண்ணும் மழை பெய்யும்போதெல்லாம் சேறாக இறங்கி வந்தது, லஹார் என்பார்கள். 1995 அக்டோபரில் வந்த லஹார் ஊரையே மூடியது. சான் கில்லெர்மோ தேவாலயம் பாதி உயரத்துக்குப் புதைந்து, ஒரு காலத்தில் ஜன்னலாக இருந்த வழியாகத்தான் இப்போது உள்ளே போகிறார்கள். அம்மா அப்போது ரியாத்தில். அவள் பிறந்த வீடு எங்கே இருந்தது என்று காட்டக்கூட அடையாளம் மிச்சமில்லை. கார்டின் பின்பக்கத்தில் அந்தப் பெயர் இல்லையே என்று எனக்கு ஏன் அவ்வளவு உறுத்தியது என்றால் இதனால்தான்.

சரி, பிலிப்பினோ ரத்தம் உள்ள விளையாட்டு வீரர்களின் கார்டு மட்டும் சேர்ப்பது என்று முடிவு செய்தேன். சுலபம் என்று நினைத்தேன், பெயரைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று. முதல் அடி அங்கேதான். 1849-இல் ஸ்பானிய கவர்னர் கிளாவெரியா ஒரு பெரிய பட்டியலை அனுப்பி, அதிலிருந்து குடும்பப் பெயர் எடுத்துக்கொள்ளச் சொன்னார், அதனால்தான் அங்கே பாதிப் பேருக்கு ஸ்பானியப் பெயர். பேஸ்பால் அணிகளிலும் பாதிப் பேருக்கு ஸ்பானியப் பெயர், ஆனால் அவர்கள் டொமினிகன், வெனிசுலா. நான் பெயரை மட்டும் நம்பி ஒரு கார்டுக் கண்காட்சியில் கையெழுத்திட்ட கார்டு ஒன்றை 45 டாலருக்கு வாங்கி வந்து அம்மாவிடம் பெருமையாக நீட்டினேன். அம்மா கூகுள் பண்ணிவிட்டு, "இவன் வெனிசுலாடா" என்றாள். எண்பத்தைந்தில் முதல் நாற்பத்தைந்து அது.

அதற்கு நேர் எதிராக, பார்த்தால் தோன்றவே தோன்றாத பெயர்களில் ஆள் ஒளிந்திருக்கிறார்கள். டெடி புருஸ்கி, அமெரிக்க ஃபுட்பாலில் பேட்ரியட்ஸ் அணியோடு மூன்று சூப்பர் பவுல் ஜெயித்தவர், பெயரைக் கேட்டால் சுத்த இத்தாலி. பாதி பிலிப்பினோ. அவர் கார்டு ஒரு டாலர் பெட்டியிலேயே கிடைத்தது. ஜேலன் கிரீன், கூடைப்பந்து ஆள், அந்தப் பெயரில் என்ன தெரியும்? அவர் அம்மா வீட்டுப் பெயர் புர்கானன் என்று சொன்னதும் அம்மா யோசிக்காமல் "இலோகோஸ் பக்கம்" என்றாள். தேடிப் பார்த்தால் இலோகோஸ் சுர்தான். அன்றிலிருந்து அம்மா சரி என்று சொல்லாமல் எதுவும் வாங்குவதில்லை. அப்பாவிடம் காட்டினால் "இதுக்கா இவ்வளவு காசு?" என்பதோடு சரி.

டிம் லின்சிகம் என் ஊர்ப் பக்கத்து அணியில் ஆடினவர் என்பதால் அவரிடம்தான் அதிகம் செலவழித்தேன். சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் பேஸ்பால் அணியின் பந்துவீச்சாளர், 2008, 2009 என்று அடுத்தடுத்து இரண்டு வருஷம் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது வாங்கினவர், அம்மா வழித் தாத்தா பாட்டி பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவர்கள். ஒல்லியான உடம்பு, உடம்பை முழுசாக முறுக்கி, கம்பி அறுந்த மாதிரி வீசுவார். அந்த முறுக்கலின் நடுவில் பிடித்த படம் உள்ள கார்டுதான் எனக்கு வேண்டும், நேராக நின்று சிரிக்கிற படம் எதற்கு? அப்படித் தேடியதில் ஒன்பது லின்சிகம் சேர்ந்துவிட்டது. 2007 ரூக்கி, அதாவது அறிமுக வருஷத்துக் கார்டு, ஒன்று நல்ல நிலையில். கார்டின் நிலையைப் பார்த்து மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்துத் தருகிற கிரேடிங்குக்கு அனுப்பலாமா என்று இரண்டு மாசம் யோசித்தேன். அனுப்பவில்லை, அந்தக் கெட்டி பிளாஸ்டிக் பெட்டிக்குள் போய்விட்டால் அப்புறம் ஆல்பத்தில் வைக்க முடியாது.

இப்போது அந்த இன்னொரு நாற்பது டாலர் கதை. ரோமன் கேப்ரியல். அப்பா பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவர், இவர் வட கரோலினாவின் வில்மிங்டனில் பிறந்து, 1962-இல் ராம்ஸ் அணிக்குப் போய், 1969-இல் அமெரிக்க ஃபுட்பால் லீகான என்.எஃப்.எல்.-இன் சிறந்த வீரர் விருது வாங்கினார். ஆசிய முகத்தோடு, ஆட்டத்தையே நடத்துகிற குவார்ட்டர்பேக்காக, அந்தக் காலத்தில்! (ஜான் வேய்ன் படம் ஒன்றில் அவருக்குக் கொடுத்த வேடம் அமெரிக்கப் பழங்குடி. மணிப்பூரா நேபாளமா கதைதான்.) 2024 ஏப்ரலில் இறந்துபோனார். அவருடைய ரூக்கி 1962-இல் டாப்ஸ் கம்பெனி போட்டது, எண் 88. அந்த வருஷத்து டாப்ஸ் ஃபுட்பால் கார்டுக்கு நாலு பக்கமும் கறுப்பு பார்டர். கறுப்பு என்றால் விரல் பட்டாலே ஓரம் உதிர்ந்து வெள்ளை தெரியும், அறுபது வருஷம் கழித்து ஓரம் நன்றாக இருக்கிற கார்டு அபூர்வம்.

எனக்குக் கிடைத்தது ஓரம் அருமையாக இருந்தது. நாற்பது டாலர்தான். சந்தேகப்பட்டிருக்க வேண்டும், படவில்லை. வீட்டுக்கு வந்து மேஜை விளக்கடியில் கார்டைப் படுக்கவைக்காமல் கத்தி மாதிரி நிமிர்த்தி ஓரத்தைப் பார்த்தேன். கார்டு அட்டையின் வெட்டுப்பக்கம் வெளிறிய பழுப்பாகத்தான் இருக்க வேண்டும், பிரிண்ட் முன்னாலும் பின்னாலும் மட்டும்தானே. என் கார்டில் வெட்டுப்பக்கத்திலும் கறுப்பு, அதுவும் அங்கங்கே உள்ளே ஊறி. மூலையில் சாய்த்துப் பார்த்தால் பழைய மையின் மங்கலுக்கு நடுவே ஒரு ஊதா மினுமினுப்பு. யாரோ மார்க்கர் பேனாவால் உதிர்ந்த இடத்தையெல்லாம் அடைத்திருக்கிறார்கள். விற்றவரிடம் கேட்டேன், "நான் வாங்கும்போதே அப்படித்தான்" என்றார், அவ்வளவுதான். இப்போதெல்லாம் கறுப்பு பார்டர் என்றால் சின்ன டார்ச் இல்லாமல் போவதில்லை. அடுத்து வாங்கின கேப்ரியலுக்கு நாலு மூலையும் வெள்ளையாக உதிர்ந்திருக்கிறது, நடுவில் ஒரு மடிப்பு வேறு, ஆனால் யாரும் கை வைக்காத கார்டு. அதுதான் ஆல்பத்தின் முதல் பக்கத்தில்.

புதுசுகள் பற்றி அதிகம் இல்லை. டிலன் ஹார்ப்பர், கூடைப்பந்து அணிகள் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கிற 2025 டிராஃப்டில் இரண்டாவதாக ஸ்பர்ஸ் எடுத்த பையன், அவர் அம்மா பதானில் பிறந்தவர். என்.பி.ஏ. கூடைப்பந்து லீகின் கார்டு போடும் உரிமம் பானினி கம்பெனியிடமிருந்து டாப்ஸுக்கு மாறின நேரத்தில் அவருடைய ரூக்கிகள் வந்ததால் எல்லோரும் முட்டி மோதி வாங்குகிறார்கள், விலை என் கைக்கு எட்டாது. சாதாரண பேஸ் கார்டு ஒன்று வாங்கி வைத்தேன், பளபளப்பெல்லாம் கிடையாது.

உண்மையில் தேடிக்கொண்டிருப்பது பாபி பல்சேனா. பேஸ்பாலின் மேஜர் லீகில் ஆடிய முதல் பிலிப்பினோ வம்சாவளி, 1956-இல் சின்சினாட்டிக்கு ஏழே ஏழு ஆட்டம், இரண்டு முறை மட்டை பிடித்தார், ஒரு ஹிட்டும் இல்லை. அதற்கு முன் சியாட்டில் ரெய்னியர்ஸ் அணியில் ஆடினார். ரெய்னியர்ஸ் மைதானத்தில் பாப்கார்ன் பெட்டிக்குள் சின்னதாகக் கறுப்பு வெள்ளைக் கார்டு போட்டுக் கொடுப்பார்களாம், அந்த வரிசையில்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எண்ணெய்க் கறை இருந்தாலும் பரவாயில்லை, இருந்தால் இன்னும் நல்லது.

பின்பக்க விஷயத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். ஒவ்வொரு கார்டையும் பென்னி ஸ்லீவ் என்கிற மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்டு, அப்புறம் ஒன்பது அறை உள்ள ஆல்பத் தாளில் செருகும்போது, பின்னால் அதே அளவுக்கு, இரண்டரைக்கு மூன்றரை அங்குலம், ஒரு துண்டுக் காகிதம். அதில் அம்மா ஊர்ப் பெயரை எழுதித் தருகிறாள். கிளார்க்சனுக்குப் பகோலோர், கிரீனுக்கு இலோகோஸ் சுர், ஹார்ப்பருக்குப் பதான். நான் எழுதினால் வேண்டாம் என்கிறாள், என் கையெழுத்து டாக்டர் சீட்டு மாதிரியாம். சொல்வது ஒரு நர்ஸ்.

போன வாரம் எழுதிக்கொண்டிருக்கும்போதே சின்ன வயசில் விளையாடின டெக்ஸ் பற்றிச் சொன்னாள். சினிமா காட்சிகளைக் காமிக்ஸ் மாதிரி அச்சடித்த கட்டைவிரல் அளவு அட்டைகள். மூன்று அட்டையைச் சேர்த்துச் சுண்டிவிட வேண்டும், மற்ற இரண்டுக்கும் மாறாக எது விழுகிறதோ அது ஜெயித்தது. அப்பா உடனே தீப்பெட்டிப் படத்துக்குத் தாவினார், உறையூரில் ஒரு சிங்கத்துக்கு நாலு கிளி என்று ரேட்டே இருந்ததாம். பேச்சு வளர்ந்து, நான் தடுப்பதற்குள் அம்மா என்னிடம் உபரியாக இருந்த கிளார்க்சன் கார்டு மூன்றை ஸ்லீவிலிருந்து உருவிக் கட்டைவிரலால் சுண்டிவிட்டாள். இந்தக் கார்டுகள் டெக்ஸுக்கு ரொம்பப் பெரிசு, காற்றில் திரும்பவே இல்லை. இரண்டு கார்டு சோபாவுக்கு அடியில் போனது. மூன்றாவது ரசத்துக்குள்.